பிளக் துளையின் மரை போய்விட்டதா? இறுக்கும் முன் கண்டுபிடியுங்கள்

அவுட்போர்டு இன்ஜினின் மேல்மூடியைத் திறந்ததும் பிளக்கின் (பொறி கொடுக்கும் ஸ்பார்க் பிளக்கைத்தான் சொல்கிறேன்) அடியில் கறுப்பாக எண்ணெய்க் கசிவு தெரிந்தால், நம் ஆட்களின் கை முதலில் போவது பிளக் ஸ்பேனருக்குத்தான். இன்னொரு கால் சுற்று இறுக்கிவிட்டு, மூடியைப் போட்டுக் கிளம்பிவிடுவார்கள். சில நேரம் அன்றைய ஓட்டம் ஓடிவிடும். சில நேரம் அந்தக் கால் சுற்றுதான் ஹெட்டின், அதாவது பிளக் ஏறுகிற சிலிண்டர் தலைப்பகுதியின், மரையை முடித்துவைத்திருக்கும்.

புதிதாக ஃபைபர் படகும் அவுட்போர்டும் வாங்கியவர்களுக்காகவும், பட்டறையில் இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்காகவும் இதை எழுதுகிறேன். மரையைச் சரிசெய்வதைவிட, எது கெட்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன். "மரை போச்சுண்ணே" என்று என்னிடம் வருகிற இன்ஜின்களில் எல்லாவற்றுக்கும் மரை போயிருப்பதில்லை. வாஷர் நசுங்கிச் செத்திருக்கும். பிளக்கின் உடலே விரிந்து போயிருக்கும். துளையின் அடியில் கரி அடைத்திருக்கும். நீளம் பொருந்தாத பிளக்கைப் போட்டிருப்பார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒரே நோய் போலத் தெரியும். வைத்தியம் ஒவ்வொன்றுக்கும் வேறு.

பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் தொழில் செய்கிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்றுக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம், நாம் பெண் கடல் என்று சொல்கிற அந்த அமைதியான கடலில்கூட, இன்ஜின் நின்றுபோன படகு கிழக்கே இலங்கைக் கடல் எல்லையை நோக்கித்தான் தள்ளப்படும். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று இந்தக் கரையில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மரைக்காக அந்த நிலைக்குப் போகக் கூடாது.

மரை என்றால் நம் பக்கத்தில் சிலர் நட்டைச் சொல்வார்கள். நான் இங்கே சொல்வது திரெட்டை, அதாவது பிளக்கிலும் துளையிலும் ஓடுகிற அந்தச் சுற்றுவரியை.

அந்தச் சின்ன மரை செய்கிற வேலை

நம் கரையில் ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் மண்ணெண்ணெய் அவுட்போர்டுகளில் பெரும்பாலும் இருப்பது 14 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பிளக். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் நடுவே 1.25 மில்லிமீட்டர். மேட்டின் உயரம் முக்கால் மில்லிமீட்டர் அளவுதான். சிலிண்டருக்குள் எரிகிற வாயு சதுர சென்டிமீட்டருக்கு 30 கிலோ அழுத்தம் கொடுக்கிறது என்று வைத்துக்கொண்டால், அந்த 14 மில்லிமீட்டர் வட்டத்தை 45 கிலோவுக்கு மேல் வெளியே தள்ளுகிறது. இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை எரியும். நிமிடத்துக்கு 5000 சுற்று ஓடினால் அந்த மரை வாங்குவது நிமிடத்துக்கு 5000 அடி. அதைத் தாங்கிக்கொண்டிருப்பது அலுமினியத்தில் வெட்டிய சில வரிகள்.

அழுத்தத்தைத் தாங்குவதோடு வேலை முடிவதில்லை. பிளக்கின் சூட்டில் பெரும்பகுதி மரை வழியாகவும் வாஷர் வழியாகவும்தான் ஹெட்டுக்கு இறங்குகிறது. பொறிக்கான மின்சாரம் திரும்பிப் போகிற எர்த் பாதையும் அதுவே. அதனால்தான் பிளக் தளர்ந்தால் காற்று கசிவதோடு நிற்காமல் நுனி சூடேறி வெளுக்கும், சில நேரம் பொறியும் தடுமாறும். "பிளக் மாற்றி மாற்றிப் போடுறேன், அடிக்கடி வெந்துபோகுது" என்று யாராவது சொன்னால் நான் பிளக்கைப் பார்ப்பதற்கு முன் துளையைப் பார்ப்பேன்.

முதலில் பிளக்கின் எண்ணைப் படியுங்கள்

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. இன்ஜினின் கையேட்டில் அல்லது மூடியின் உள்பக்க ஸ்டிக்கரில் எந்த பிளக் என்று போட்டிருக்கும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானிலும் எண் அச்சிட்டிருக்கும். இரண்டும் ஒன்றா என்று பாருங்கள்.

என்ஜிகே பிளக்கை எடுத்துக்கொள்வோம், நம்மிடம் அதிகம் புழங்குவது அதுதான். பி7எச்எஸ் என்று எழுதியிருந்தால் 'பி' என்பது 14 மில்லிமீட்டர் மரை. 7 என்பது சூட்டு எண். இங்கே முக்கியமான எழுத்து 'எச்': மரையின் நீளம் 12.7 மில்லிமீட்டர், அதாவது அரை அங்குலம். அதே இடத்தில் 'இ' என்று இருந்தால் நீளம் 19 மில்லிமீட்டர். கடையில் அவசரத்துக்குக் கேட்டால், பைக்குக்குப் போடுகிற பிளக்கைக்கூட "இதுவும் 14தான், ஏறும்" என்று கொடுத்துவிடுவார்கள். ஏறவும் செய்யும். அங்கேதான் கேடு.

அரை அங்குலத் துளையில் 19 மில்லிமீட்டர் பிளக்கைப் போட்டால் 6.3 மில்லிமீட்டர், அதாவது ஐந்து சுற்று மரை, எரியும் அறைக்குள் தொங்கும். பிஸ்டனில் இடிக்காமல் தப்பித்தாலும் அந்த ஐந்து சுற்றிலும் கரி சுட்டு இறுகிவிடும். கழற்றும்போது அந்தக் கரி மொத்தமும் அலுமினிய மரை வழியாக அரம் போல் அராவிக்கொண்டே வெளியே வரும். மாறாக, நீளத் துளையில் குட்டை பிளக்கைப் போட்டால் துளையின் அடி வரிகள் காலியாகக் கிடந்து கரி பிடிக்கும். அடுத்த முறை சரியான பிளக்கைப் போடும்போது பாதியில் நிற்கும். "மரை போச்சு" என்று நினைத்து அங்கேயே பலத்தைக் காட்டுவார்கள். போகாத மரை அப்போதுதான் போகும்.

எண் சரியாக இல்லையென்றால் பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது. இருந்தாலும் மற்றப் பரிசோதனைகளை விட்டுவிடாதீர்கள்.

கழற்றாமலே தெரிகிற அறிகுறிகள்

இன்ஜின் ஓடும்போது பிளக் பக்கத்திலிருந்து 'டிக் டிக்' என்று, சுற்றின் வேகத்தோடு கூடிக் குறைகிற சத்தம் வந்தால் அது வாயு கசிகிற சத்தமாக இருக்கலாம். ஆனால் ஓடுகிற இன்ஜினின் பிளக்குக்கு நேராக முகத்தைக் கொண்டுபோகாதீர்கள். மரை போன பிளக் எப்போது வேண்டுமானாலும் தெறிக்கும். சூடாக, கேபிளையும் இழுத்துக்கொண்டு வரும். பக்கவாட்டில் நின்று கேளுங்கள்.

நிறுத்தி ஆறவிட்டபின் பார்க்க வேண்டியது கறை. வாஷருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலிருந்து விசிறி மாதிரி கறுப்பு பரவியிருந்தால் கசிவு கீழே: வாஷரிலோ மரையிலோ. பீங்கானும் இரும்பு உடலும் சேருகிற இடத்திலிருந்து கறுப்பு ஒழுகியிருந்தால் பிளக்கின் உடலே விட்டுவிட்டது. யாரோ அளவுக்கு மீறி இறுக்கி, தலைக்கும் மரைக்கும் நடுவே இருக்கிற கழுத்தை இழுத்து நீட்டியிருக்கிறார்கள். பிளக்கை மாற்றினால் போதும், ஆனால் அந்த இறுக்கலை வாங்கிய துளையையும் பரிசோதிக்க வேண்டும்.

புதியவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பீங்கானின் அடியில், இரும்புக்குச் சற்று மேலே, வெளிர் பழுப்பு வளையம் ஒன்று தெரியும். துடைத்தால் போகாது. அது கசிவு இல்லை. உயர் மின்னழுத்தத்தால் காற்றில் மிதக்கிற எண்ணெய்த் துகள்கள் பீங்கானில் ஒட்டியதால் வருகிற கறை. அந்த வளையத்தைப் பார்த்து நல்ல பிளக்கைத் தூக்கிப்போட்டவர்கள் இருக்கிறார்கள்.

இனி சோப்பு நீர். இன்ஜினை நிறுத்துகிற கில் சுவிட்சுக் கயிற்றைப் பிடுங்கிவிடுங்கள், எரிபொருள் குழாயைக் கழற்றுங்கள். பிளக்கின் அடியைச் சுற்றிச் சோப்பு நீரை ஊற்றிவிட்டு, ஒருவர் ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுக்க, இன்னொருவர் பக்கவாட்டிலிருந்து பார்க்க வேண்டும். பிஸ்டன் மேலே ஏறும்போது நுரை குமிழியிட்டால் கசிவு உறுதி. குமிழி வரும் இடம், வாஷர் ஓரமா பீங்கான் ஓரமா என்பதையும் பாருங்கள். இதற்கு ஐந்து ரூபாய்கூடச் செலவில்லை, இருந்தும் செய்கிறவர்கள் குறைவு.

சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கிற கம்ப்ரஷன் கேஜ் வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கேஜை பிளக்கைக் கழற்றிவிட்டு அதே துளையில்தான் திருகுகிறோம். மரை கெட்டிருந்தால் கேஜின் பக்கமும் கசிந்து அளவு குறைத்துக் காட்டும். அதை நம்பி "பிஸ்டன் ரிங் போச்சு" என்று சிலிண்டரைப் பிரிக்கக் கூடாது.

கழற்றும்போது கை சொல்வது

ஹெட்டில் கை வைத்துச் சூடு உறைக்காத அளவுக்கு ஆறிய பிறகே கழற்றுங்கள். துளையைச் சுற்றி நம் ஊர் மணல் எப்போதும் இருக்கும். பிரஷ்ஷால் தட்டி, காற்றடித்துச் சுத்தம் செய்யாவிட்டால் பிளக் வெளியே வரும்போது மணல் உள்ளே போகும்.

இந்தக் கட்டத்தில் என் கையால் போன முதல் மரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஒரு சம்மாட்டி (படகுச் சொந்தக்காரர்) அண்ணன் காலையில் கடலுக்குப் போக வேண்டும் என்று நின்றுகொண்டிருந்தார். பிளக் அசையவில்லை. ஸ்பேனரில் பைப்பைச் செருகி ஒரே இழுப்பு. 'கிர்ர்' என்று ஒரு சத்தம், அப்புறம் வெண்ணெயில் கத்தி போகிற மாதிரி சுலபமாக வந்துவிட்டது. வந்துவிட்டதே என்று சந்தோஷப்பட்டேன். பிளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தால் மரை முழுக்க வெள்ளி நூல் சுற்றியிருந்தது. ஹெட்டின் மரையை உரித்துக் கொண்டுவந்திருந்தேன். அவருக்கு அன்றைய தொழில் போனது, அதற்கடுத்த மூன்று நாளும் போனது. என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. "தம்பி, அது முனகினப்பவே நிறுத்தியிருக்கணும்" என்றார். அதை இன்றுவரை கடைப்பிடிக்கிறேன்.

முனகினால் நிறுத்துங்கள். துருவிளக்கி எண்ணெயை வாஷர் ஓரத்தில் சில துளி விட்டுக் காத்திருங்கள். ராத்திரி முழுக்க விட்டாலும் நல்லது. பிறகு கால் சுற்று வெளியே, அரைக்கால் உள்ளே, மறுபடி கால் வெளியே என்று ஆட்டி ஆட்டி எடுங்கள். உள்ளே திருப்புவது எதற்கு என்றால், உடைந்த கரி வரிகளுக்குள் சிக்கி அராவாமல் பொடியாகி இடம் விடும்.

நல்ல மரை எப்படிக் கழலும் என்பதையும் கை பழக வேண்டும். முதல் இறுக்கம் 'டக்' என்று விட்டதும் விரலாலேயே சுற்றி எடுக்கலாம். முழு நீளமும் ஸ்பேனர் கேட்டால் கரி அல்லது உப்பு. தொடக்கத்திலிருந்தே இறுக்கமில்லாமல் ஆடிக்கொண்டு வந்தால் மரை தேய்ந்திருக்கிறது, அல்லது யாரோ சரியாக இறுக்காமல் விட்டிருக்கிறார்கள்.

வெளியே வந்த பிளக்கைப் படிப்பது

என்னைக் கேட்டால் முழு நோயறிதலிலும் மிக மதிப்புள்ள ஐந்து நிமிடம் இதுதான். அவசரமாகத் துடைத்துவிடாதீர்கள். வெள்ளைத் துணியோ காகிதமோ விரித்து, வெயிலில் வைத்துப் பாருங்கள்.

வரிகளுக்கிடையே பளபளவென்று நூலோ துணுக்கோ சிக்கியிருந்தால் குண்டூசியால் நெம்பி எடுத்து, ஒரு காந்தத்தைக் காட்டுங்கள். பழைய ஸ்பீக்கர் காந்தம் போதும். ஒட்டினால் இரும்பு: பிளக்கின் சொந்த மரை தேய்ந்திருக்கிறது, புதிய பிளக்கோடு பிரச்சினை தீர வாய்ப்பு உண்டு. ஒட்டாவிட்டால் அலுமினியம்: அது ஹெட்டின் சதை. எவ்வளவு வந்திருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மீதிக் கதை.

வெள்ளைப் பொடி இருந்தால் அது உப்பு என்று நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டாம். பெரும்பாலும் அரிப்பெடுத்த அலுமினியத்தின் பொடி. இரும்பும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் உப்புநீர் ஏறினால், இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன பேட்டரி உண்டானது மாதிரி மின்னோட்டம் ஓடும். அதில் கரைவது அலுமினியம். வாஷர் சரியாக உட்காராத பிளக்கில் உப்புக் காற்றின் ஈரம் மரைக்குள் இறங்குகிறது. மாதக்கணக்கில் பிளக்கைக் கழற்றாமல் கரையில் ஏற்றி வைத்த இன்ஜின்களில் இதை அதிகம் பார்க்கிறேன். செம்பழுப்புத் துரு இருந்தால் அது பிளக்கின் இரும்பு.

கரி எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். நுனி வரி இரண்டில் மட்டும் கரி இருப்பது இயல்பு. நடுவரைக்கும் மேலே ஏறியிருந்தால் எரிந்த வாயு மரைக்குள் ஓடியிருக்கிறது, வாஷர் பிடிக்கவில்லை என்று பொருள். மண்ணெண்ணெயில் ஓடுகிற இன்ஜினுக்குப் பெட்ரோலில் ஓடுவதைவிடக் கரி கூடுதல்தான், அதைக் கணக்கில் வையுங்கள்.

கடைசியாக வாஷர். அது ஒரு முறை நசுங்கி உட்காருவதற்காகச் செய்தது. இரண்டு பக்கமும் வட்டம் முழுக்க ஒரே மாதிரி பளிச்சென்று தடம் இருந்தால் நன்றாக உட்கார்ந்திருந்தது. ஒரு பக்கம் பளிச், மறு பக்கம் கறுப்பு என்றால் பிளக் சாய்ந்து ஏறியிருக்கிறது. சாய்ந்து ஏறிய பிளக் மேல் வரிகளை வெட்டியிருக்கும். அந்தச் சந்தேகத்தோடு துளைக்குப் போங்கள்.

துளைக்குள் பார்ப்பது

நல்ல டார்ச்சும், பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடியும் இருந்தால் போதும். அரை அங்குலத் துளையில் பத்து வரி இருக்க வேண்டும் (12.7ஐ 1.25ஆல் வகுத்துப் பாருங்கள்), 19 மில்லிமீட்டர் துளையில் பதினைந்து. மெல்லிய மூங்கில் குச்சியின் நுனியைக் கூர்மையாக்கி, துளையின் சுவரில் மேலிருந்து கீழே இழுத்தால் ஒவ்வொரு மேடும் 'டிக்' என்று தட்டும். எண்ணுங்கள். நான்கு பக்கமும் எண்ணுங்கள். இரும்புக் கம்பியால் செய்யாதீர்கள், கீறும்.

மேல் இரண்டு மூன்று வரி மட்டும் சிதைந்து, அடியில் எல்லாம் கூர்மையாக இருந்தால் பிளக்கைக் கோணலாக ஏற்றியிருக்கிறார்கள். இதுதான் நான் அதிகம் பார்ப்பது, இதுதான் காப்பாற்றக்கூடியதும். அடி வரிகள் மட்டும் நிறைந்து மழுங்கியிருந்தால் கரி. அல்லது மேலே சொன்ன நீளப் பிழை. எல்லா வரியின் மேடும் ஒரே மாதிரி படுத்துத் தட்டையாகியிருந்தால் அளவு மீறிய இறுக்கல். ஒரு பக்கம் நன்றாக இருந்து எதிர்ப்பக்கம் குழிகுழியாகத் தின்றிருந்தால் உப்பரிப்பு. துளையின் வாயிலிருந்து முடி போன்ற கோடு வெளியே ஓடினால் அது வெடிப்பு. அதற்கு மேல் மரையைப் பற்றிப் பேசி என்ன, ஹெட்டை மாற்ற வேண்டும்.

கைச் சோதனை

சரியான எண்ணில் ஒரு புதிய பிளக்கை எடுங்கள். ஸ்பேனர் வேண்டாம். எரிபொருள் ரப்பர் குழாயில் ஒரு சாண் துண்டு வெட்டி, பிளக்கின் பீங்கான் முனையில் செருகி, அதைப் பிடித்துத் திருகுங்கள். குழாயில் செய்வதற்குக் காரணம், பிளக் கோணலாக ஏறினாலோ தடை வந்தாலோ ரப்பர் வழுக்கிவிடும், மரையை வெட்டுகிற பலம் அதற்கு இல்லை.

முதலில் இடப்பக்கமாக, கழற்றுகிற திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் 'டக்' என்று லேசாக இறங்கும். அது பிளக்கின் முதல் வரி துளையின் முதல் வரிக்குள் விழுகிற இடம். அங்கிருந்து வலப்பக்கம். குட்டை பிளக் எட்டு ஒன்பது சுற்று தடையில்லாமல் ஏறி வாஷரில் உட்கார வேண்டும். இரண்டு சுற்றில் நின்றால் மேல் வரி கெட்டிருக்கிறது. ஆறாவது ஏழாவதில் இறுகினால் அடியில் கரி. கடைசிவரை ஏறிவிட்டு, உட்கார்ந்தபிறகும் விரலால் சுற்றச் சுற்றச் சுழன்றுகொண்டே இருந்தால் மரை இல்லை.

பாதி ஏறிய நிலையில் பிளக்கை ஆட்டிப் பாருங்கள். எந்தப் பிளக்கும் கொஞ்சம் ஆடும். அதனால் தனியாகப் பார்த்து முடிவெடுக்காமல் இன்ஜினின் இன்னொரு சிலிண்டரில் அதே பிளக்கை அதே அளவு ஏற்றி ஆட்டுங்கள். இரண்டு பிளக்குகளை இடம் மாற்றியும் பாருங்கள். ஆட்டம் பிளக்கோடு போனால் பிளக் கெட்டது. துளையோடு நின்றால் துளை கெட்டது. ஒரு சிலிண்டர் இன்ஜின் என்றால் பக்கத்துப் படகின் அதே மாடலை ஒரு நிமிடம் கேளுங்கள், நம் கரையில் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறினால் மட்டும் இறுக்கிப் பாருங்கள். வாஷர் தொட்டபிறகு ஏறக்குறைய அரைச் சுற்றுக்குள் கை படிப்படியாகக் கனக்க வேண்டும். கனத்துக்கொண்டே வந்து திடீரென்று இலேசானால், அந்த நொடியே நிறுத்துங்கள். மரை படுக்கத் தொடங்கிவிட்டது.

கண்டுபிடித்தபின் என்ன செய்வது

கரி மட்டும் என்றால் சுத்தம் செய்தால் போதும். அதற்கு மரையைச் சுத்தம் செய்யும் சேஸர் என்ற கருவி இருக்கிறது. டேப் வேறு, சேஸர் வேறு. டேப் புதிதாக வெட்டுவதற்குச் செய்தது, ஏற்கெனவே மெலிந்திருக்கிற அலுமினியத்தை இன்னும் கொஞ்சம் வெட்டி எடுத்துவிடும். டேப்தான் இருக்கிறது என்றால் 14க்கு 1.25 தானா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, கையால் மட்டும், சுத்தமான வரிகளைப் பிடித்து வருகிற மாதிரி விடுங்கள். வெட்டுவாய்க் குழிகளில் கிரீஸை அப்பிவிட்டால் துணுக்கு அதில் ஒட்டிக்கொண்டு வெளியே வரும்.

ஆனால் துணுக்கு விஷயத்தில் நான் கண்டிப்பானவன். இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜினில் சிலிண்டருக்குள் விழுந்த அலுமினியத் துணுக்கு போர்ட் வழியாகக் கிராங்க் அறைக்குப் போய்விடலாம். பேரிங்கில் சிக்கினால் இன்ஜினே போகும். லேசான கரி சுத்தம் தாண்டி எந்த வேலை என்றாலும் ஹெட்டைக் கழற்றி மேஜையில் வைத்துச் செய்யுங்கள். புதிய ஹெட் கேஸ்கெட் செலவு ஆகும், ஆகட்டும்.

மேல் இரண்டு வரி போய் மீதி நன்றாக இருந்தால், சுத்தம் செய்தபின் பெரும்பாலும் பல காலம் ஓடும். பாதிக்கு மேல் போயிருந்தால் மறுமரை போட வேண்டும். கம்பிச் சுருள் செருகுவது ஒரு வழி. ஹெலிகாயில் என்று பட்டறையில் கேட்டால் தெரியும். விலை குறைவு, ஆனால் பிளக்கோடு சேர்ந்து சுருளும் கழன்று வரக்கூடிய ஆபத்து உண்டு. லேத் பட்டறையில் தோள் வைத்த கெட்டிப் புஷ் (உள்ளே மரை வெட்டிய உலோகக் குழல்) போடுவது இன்னொன்று. அடிக்கடி பிளக் கழற்றுகிற மண்ணெண்ணெய் இன்ஜினுக்கு நான் புஷ்ஷைத்தான் சொல்வேன். சூடும் அதில் நன்றாக இறங்கும். எதைப் போட்டாலும் துளை நேராக இருக்க வேண்டும். கை டிரில்லில் பிடித்துக் குத்துமதிப்பாகத் துளைக்கிற இடத்தில் கொடுக்காதீர்கள். மரையில் ஒட்டுப் பசை பூசி, டெஃப்லான் டேப் சுற்றி ஏற்றித் தருகிறவர்களும் உண்டு. அந்த வேலையோடு கடலுக்குப் போகாதீர்கள்.

திரும்ப ஏற்றுவது

ஆறிய ஹெட்டில், ரப்பர் குழாயால், விரல் இறுக்கம் வரை. அதற்குப் பிறகுதான் ஸ்பேனர். டார்க் ரெஞ்ச் இருந்தால், அலுமினிய ஹெட்டில் வாஷர் வைத்த 14 மில்லிமீட்டர் பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். உங்கள் இன்ஜின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுவே சரி. 25 என்பது ஓர் அடி நீளக் கைப்பிடியின் நுனியில் எட்டரைக் கிலோவைத் தொங்கவிட்ட அளவுதான். நம்மில் பலர் இழுப்பது அதைப்போல் இரண்டு மடங்கு. ரெஞ்ச் இல்லையென்றால் புது வாஷருக்கு அரைச் சுற்று. ஏற்கெனவே நசுங்கிய வாஷரை மறுபடி போட்டால் பன்னிரண்டில் ஒரு பங்கு சுற்று, கடிகாரத்தில் ஒரு மணியிலிருந்து இரண்டு மணிக்குப் போகிற தூரம். வாஷர் இல்லாமல் கூம்பு வாயுள்ள பிளக் என்றால் இதைவிடவும் குறைவு.

மரையில் கிரீஸ் பூசலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பிளக் தயாரிப்பவர்கள் வேண்டாம் என்கிறார்கள். வழுக்கலான மரையில் அதே பலத்தில் இழுத்தாலும் இறுக்கம் கூடிவிடும், அது மரையைத்தான் இழுக்கும். நம் உப்புக்கு ஏதாவது பூசாமல் மனம் கேட்கவில்லை என்றால், மரை ஒட்டிப் பிடிக்காமல் தடுக்கிற, சூடு தாங்கும் ஆன்டி சீஸ் பசையை நடு வரிகளில் ஈரம் காட்டிய அளவு தடவி, இறுக்கத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். நுனியில் படக் கூடாது. என் வழக்கம் வேறு: எதுவும் பூசாமல், மாதம் ஒரு முறை பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போடுவது. கழன்று பழகிய மரை ஒட்டாது.

ஏற்றி முடித்து அரை மணி நேரம் ஓடி ஆறியபின் சோப்பு நீரை மறுபடி ஒரு முறை ஊற்றிப் பாருங்கள்.

கடலில் இருக்கும்போது பிளக் தெறித்துவிட்டால், துணி சுற்றி அடித்து ஏற்றுவது, மற்ற சிலிண்டரில் ஓட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்று பார்ப்பது இரண்டும் வேண்டாம். திறந்த துளை வழியாக எரிபொருள் ஆவி மூடிக்குள் பீய்ச்சும், பக்கத்திலேயே பொறி இருக்கிறது. இன்ஜினை நிறுத்தி, எரிபொருள் குழாயைக் கழற்றி, முதலில் நங்கூரத்தைப் போடுங்கள், தள்ளப்படாமல் நிற்பதுதான் அந்த நேரத்து வேலை. பாய் இருந்தால் காற்றைப் பார்த்து முடிவெடுங்கள். பக்கத்துப் படகுக்கு வயர்லெஸ்ஸில் சொல்லுங்கள். யாரும் எட்டவில்லை என்றால் கடலோரக் காவல் படையின் தேடல் மீட்பு எண் 1554. அந்த எண்ணைப் படகின் உள்பக்கப் பலகையில் பெயிண்டால் எழுதிவையுங்கள். அதற்குப் பக்கத்திலேயே உங்கள் பிளக்கின் எண்ணையும்.